ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தும் திரும்பாத ஸ்போர்ட்ஸ் கார்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

சாட்ஸ்வொர்த்வாசி:
தம்பியின் திருமணத்திற்கு வாடகைக்கு எடுத்த பன்னிரண்டு சிலிண்டர் இத்தாலிய வண்டியை நான்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை விரலளவு அசைத்ததற்கே சொன்ன பேச்சு கேட்ட வண்டி, கோயிலுக்குத் திரும்பும் தெருமுனையில் முழுவதும் ஒடித்த பிறகும் எதிர்ச்சுவரை நோக்கியே போனது. ரிவர்ஸ் எடுத்தேன், மறுபடியும் அதே சுவர். இப்படி ஏழு முறை. பெரியப்பா பட்டு வேட்டியோடு குனிந்து நின்று, சுவருக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவே உள்ளங்கையை நீட்டி, "இவ்வளவுதான் இருக்கிறது, நிறுத்து" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னால் வந்த சித்தப்பாவின் பழைய சிறிய கார், டொயோட்டா டாஸ், ஒரே வீச்சில் திரும்பிவிட்டது. இத்தகைய வண்டிகள் முழுவதும் ஒடித்துத் திரும்பும் வட்டத்தின் ஆரம் 12.5 மீட்டர் வரை போகும் என்று பிறகுதான் படித்தேன்.

லெனேசியா தம்பி:
அண்ணா, லம்போர்கினி அவென்டடோருக்குச் சொல்லப்படும் அந்த 12.5 மீட்டர் வட்டத்தின் விட்டம். ஆரம் அதில் பாதிதான். அதுவும் டயரின் தடத்தை வைத்து அளப்பது. டயருக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு அதைவிடப் பெரிய வட்டம் போடுவதால்தான் பெரியப்பா கையை நீட்ட வேண்டியிருந்தது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர் உள்ள வண்டியில் முன் சக்கரம் 30 பாகை ஒடிந்தால் ஆரம் சுமார் 5.4 மீட்டர், 25 பாகையோடு நின்றுவிட்டால் 6.4 மீட்டர். அகன்ற டயருக்கு அதற்கு மேல் ஒடிய உள்ளே இடம் இருப்பதில்லை.

என்னை உறுத்துவது வேறு. நம் தென்னாப்பிரிக்காவின் ஜூலை மாதக் குளிரில், விடியற்காலையில், நண்பரின் ஸ்போர்ட்ஸ் காரை முழுவதும் ஒடித்து வாசலிலிருந்து எடுத்தபோது முன்பக்கம் "டக், டக்" என்று துள்ளியது. ஏதோ முறிந்துவிட்டது என்று பதறி இறங்கி மண்டியிட்டுப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் விட்டுவிட்டுக் கறுப்புக் கோடுகள். திரும்பும்போது சிறிய வட்டம் போடும் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும் என்பது 1818இல் அக்கர்மன் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்ற குதிரைவண்டிக் காலத்து ஏற்பாடு. வேகத்தில் வளையும்போது பாரம் முழுவதும் வெளிச்சக்கரத்தில் இறங்குவதால், இவ்வகைக் கார்கள் பலவற்றில் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ இணையாகவே ஒடிய விடுகிறார்கள். மெதுவாகத் திரும்பும்போது அதனால் ஒரு டயர் இழுபடுகிறது. குளிரில் இறுகிய ரப்பர் தரையைப் பற்றிப் பற்றி விடுகிறது. பழுது ஒன்றும் இல்லை.

உம்லாங்கா:
டயரின் அகலத்தோடு பேச்சை முடிப்பதை நான் ஏற்கவில்லை. பின் சக்கரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3யில் பின் சக்கரங்களும் 1.5 பாகை வரை ஒடியும்: மெதுவாகப் போகும்போது முன் சக்கரத்திற்கு எதிர்த்திசையில், வேகமாகப் போகும்போது அதே திசையில். மெதுவாகத் திரும்பும்போது வட்டம் சிறுக்கும், ஆனால் பின்பக்கம் வெளியே வீசும். அப்படிப்பட்ட ஒரு வண்டியை நிலவறை நிறுத்துமிடத்தில் எடுத்தபோது, முன்பக்கத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த நான் கண்ணாடியில் பார்த்தேன். பின் சக்கரத்தின் மேல்வளைவுக்கும் தூணுக்கும் நடுவே விரல் நுழையும் இடமே மிச்சம்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். வாடகைக்கு எடுக்கும் முன் ஆளில்லாத மைதானத்தில் வண்டியை முழுவதும் ஒடித்து ஒரு சுற்று சுற்றுங்கள். மூக்கின் நுனிக்கு நேர்கீழே நான்கு இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, எதிரெதிர்க் குறிகளுக்கு இடையே நாடாவால் அளந்தால் உண்மையான வட்டம் தெரிந்துவிடும். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், டயர் தேயும். வண்டி மெல்ல உருளத் தொடங்கிய பிறகு ஒடியுங்கள். திரும்ப வேண்டிய இடத்தின் எதிர் ஓரத்தை ஒட்டிப் போய்ப் பிறகு ஒடித்தால் ஒரு ரிவர்ஸாவது மிச்சமாகும்.

சாட்ஸ்வொர்த்வாசி:
திருத்தத்திற்கு நன்றி, தம்பி. உம்லாங்கா நண்பரே, அன்று ஓரத்தை ஒட்டிப் போக வழியே இல்லை. இருபுறமும் உறவினர்களின் கார்கள். ஞாயிற்றுக்கிழமை நாடாவோடு போய் அந்த முனையை அளந்தேன். நடைபாதை விளிம்பிலிருந்து சுவர் வரை 11 மீட்டர் 20 சென்டிமீட்டர். நாடாவின் மறுமுனையைப் பெரியப்பாதான் பிடித்துக்கொண்டார்.