ஒரு நெருக்கடி தீர்வதற்குள் அடுத்தது. யாராவது உருப்படியாகச் சமாளித்திருக்கிறார்களா?

கேள்வி:
கொரோனா ஓய்வதற்குள் உக்ரைன் போர், கூடவே கோதுமை விலை, உர விலை, நடுவில் வெள்ளம், வெப்ப அலை. தலைவர்கள் கூடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கலைகிறார்கள். அறிக்கையெல்லாம் வேண்டாம். எங்காவது நிஜமாகவே வேலை நடந்திருக்கிறதா?

பதில் 1:
ஓசோன். ஓசோன் படலத்தில் ஓட்டை பற்றிய ஆய்வு வெளிவந்தது 1985இல், அதைக் கெடுக்கும் வேதிப்பொருள்களைக் குறைக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல். ஏழை நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம், அப்புறம் மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம். அதனால்தான் எல்லா நாடும் உள்ளே வந்தது.

பதில் 2:
நான் வங்கதேசத்தைச் சொல்வேன். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 1972இல் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் (இப்போது அங்கே செம்பிறைச் சங்கம்) சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கின. பெரிய கருவி ஒன்றுமில்லை: ஊருக்குள்ளேயே தொண்டர்கள், கையில் மெகாபோன், எச்சரிக்கைக் கொடி. எச்சரித்தும் பலர் கிளம்ப மறுத்தார்கள். மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது? நியாயமான கேள்விதானே! பிறகு கட்டிய பல காப்பகங்களில் கால்நடைக்கும் இடம் வைத்தார்கள். 2020இல் அம்பான் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள், அதுவும் கொரோனா நேரத்தில். நெரிசலைக் குறைக்கப் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். அந்த நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

இத்தனைக்கும் நடுவில் ராணுவப் புரட்சி, ஆட்சி மாற்றம் எல்லாம் நடந்தது. திட்டத்தை மட்டும் யாரும் இழுத்து மூடவில்லை. முந்தைய ஆட்சி தொடங்கியதைத் தொடர்ந்து நடத்துவதில் ஒரு தலைவருக்குக் கைத்தட்டல் கிடைக்காது. என் கணக்கில் அதுதான் பெரிய வேலை.

கேட்டவர்:
சரி, புயல் வருவது முன்கூட்டியே தெரியும். கடல் மட்டம் மெல்ல மெல்ல ஏறுவதை மெகாபோனில் சொல்லி என்ன பயன்?

பதில் 2:
ஒரு பயனும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அம்பானில் உயிர் தப்பியவர்களின் வயலில் உப்புநீர் ஏறிவிட்டது, கரைகள் உடைந்தன. அதற்கு உள்ளூர்த் தொண்டர் என்ன செய்வார்? பணம் வேண்டும். காலநிலை மாற்றத்தால் அடிபடும் ஏழை நாடுகளுக்கான இழப்பு, சேத நிதி ஒன்றுக்கு 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில்தான் ஒத்துக்கொண்டார்கள், அதிலும் பணம் போடுவது அவரவர் விருப்பம். மேலே நண்பர் சொன்ன ஓசோன் நிதியில் பணக்கார நாடு ஒவ்வொன்றுக்கும் பங்கு இவ்வளவு என்று நிர்ணயம் உண்டு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.