எராஸ்மஸ் படம்: நேரில் பார்த்ததா, இல்லையா?

மசிக்குப்பி:
"ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1526-இல் டச்சு அறிஞர் எராஸ்மஸை எதிரே நிற்க வைத்துச் செப்புத் தகட்டில் செதுக்கினார்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. அந்த வருடம் எராஸ்மஸ் சுவிட்சர்லாந்தின் பாசலில், ட்யூரர் ஜெர்மனியின் நூரன்பெர்க்கில். எங்கே நிற்க வைத்தாராம்?

கரிக்கோடு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். படத்தில் பின்னால் பெரிய பலகை இருக்கிறதே, அதில் லத்தீனில் என்ன எழுதியிருக்கிறது? உயிருள்ள உருவத்தைப் பார்த்து ட்யூரர் வரைந்தது என்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மசிக்குப்பி:
எங்கள் தெரு ஓட்டலிலும் 'சுத்தமான நெய்' என்று பலகை தொங்குகிறது. நேரில் பார்த்தது 1520-இல், நெதர்லாந்துப் பயணத்தில். அப்போது கரியால் வரைந்த படம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகடு ஆறு வருடம் கழித்து. ஆகவே நேரில் இல்லை.

கரிக்கோடு:
கரிப்படம் நேரில்தானே? அப்போ நேரில்தான்.

மசிக்குப்பி:
போன மாதம் மர அச்சையும் செப்பு அச்சையும் குழப்பியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! எராஸ்மஸே ட்யூரரின் நண்பர் பிர்க்ஹைமருக்கு எழுதிய கடிதத்தில், படம் தன்னைப் போல இல்லாததில் வியப்பில்லை, ஐந்து வருடத்துக்கு முன் இருந்த அதே ஆளாகத் தான் இப்போது இல்லை என்கிறார். சம்பந்தப்பட்டவரே சொன்ன பிறகு உங்களுக்கு என்ன?

கரிக்கோடு:
மர அச்சு விஷயத்தை எத்தனை தடவைதான் இழுப்பீர்கள்? அது தட்டச்சுப் பிழை. 1528-இல் அதே எராஸ்மஸ், வண்ணமே இல்லாமல் கறுப்புக் கோட்டிலேயே எல்லாவற்றையும் காட்டுபவர் என்று ட்யூரரைப் புகழ்ந்தாரே, அது ஏன்?

மசிக்குப்பி:
புகழ்ந்தது கோடுகளை. முகத்தை இல்லை.

செந்தமிழன்72:
'எராஸ்மஸ்' பிழை. 'எராசுமசு' என்று எழுதுங்கள்.

மசிக்குப்பி:
வந்துட்டாரய்யா. உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் 72-ஐ முதலில் தமிழ் எண்ணாக்குங்கள், அப்புறம் பேசலாம்.

ஊறுகாய்ஜாடி:
மேசை மேல் குடுவையில் பூ வைத்திருக்கிறார், முன்னால் தடித்தடியாகப் புத்தகங்கள், நின்றபடியே எழுதுகிறார், ஒரு கையில் இறகுப் பேனா, இன்னொரு கையில் மசிக்கூடு. இதையெல்லாம் யாராவது பேசுங்களேன். முகத்தைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறீர்கள்.

கரிக்கோடு:
அண்ணே, கொஞ்சம் பொறுங்க. தகட்டில் எழுத்தை இடம் வலம் மாற்றித்தான் செதுக்கணும், அப்போதுதான் தாளில் நேராக விழும். அவ்வளவு பெரிய பலகையை ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் செதுக்கியவர், பொய்யையா செதுக்குவார்?

மசிக்குப்பி:
எழுத்தையே திருப்பத் தெரிந்தவருக்கு உண்மையைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்? அதே பலகையில் கிரேக்க வரியும் இருக்கிறது: இதைவிட நல்ல உருவத்தை அவர் எழுத்துகள் காட்டும். முகம் சரியாக வரவில்லை என்று ட்யூரரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கரிக்கோடு:
அது 1519-இல் மெட்சிஸ் என்ற ஓவியர் செய்த எராஸ்மஸ் பதக்கத்திலேயே இருக்கும் வரி ஐயா! பாராட்டைப் போய் வாக்குமூலம் என்கிறீர்களே. கிரேக்கம் எங்கே படித்தீர்கள்?

மசிக்குப்பி:
நீங்கள் மர அச்சு படித்த இடத்தில்தான். திரும்பவும் கேட்கிறேன்: 1526, ஒருவர் பாசலில், ஒருவர் நூரன்பெர்க்கில். பதில்?

கரிக்கோடு:
பலகை.

செந்தமிழன்72:
'நூரன்பெர்க்' என்பதும் பிழை.

ஊறுகாய்ஜாடி:
அது என்ன பூ என்றாவது யாராவது சொல்வீர்களா, மாட்டீர்களா?