டிஐ-84 பிளஸ்: ஜல்லிக்கட்டு கேம் போகப்போக மந்தமாகி மெமரி எர்ரர் வருது

தல்லாகுளம்84:
டிஐ-84 பிளஸ் கணிப்பான், கறுப்பு வெள்ளைத் திரை. அதோட நிரல் மொழியான டிஐ-பேசிக்ல ஜல்லிக்கட்டு கேம் எழுதுறேன். மேல் வரியில இருந்து காளை இறங்கும், எட்டாவது வரியில நிற்கிற ஆள் அம்புக் கீயால ஒதுங்கணும். ஆரம்பத்துல வேகமா ஓடுது. அப்புறம் இழுத்து இழுத்து 'எர்ர்:மெமரி'ன்னு நின்னுடுது. வெளியே வந்து பார்த்தா ராம் 20,000 பைட்டுக்கு மேல காலியாத்தான் இருக்கு. வலது அம்பு பாதி நேரம் கேட்கல, இடது சரியா இருக்கு. ஓரத்துக்குப் போனா 'எர்ர்:டொமைன்'.

லேபிள் எம்
வைல் 1
இஃப் கெட்கீ=24:எக்ஸ்-1→எக்ஸ்
இஃப் கெட்கீ=26:எக்ஸ்+1→எக்ஸ்
(காளை நகரும் வரிகள்)
இஃப் ஒய்>8:தென்
1→ஒய்
கோட்டு எம்
எண்ட்
எண்ட்

செல்லூர்_பேசிக்:
தம்பி, மெமரியைத் தின்கிறது லேபிளுக்குத் தாவுற அந்த 'கோட்டு' (Goto) கட்டளைதான். வைல், ஃபார், இஃப்-தென் எதுக்குள்ள நுழைஞ்சாலும், அதோட எண்ட் எங்கே வரும்னு கணிப்பான் ராமில் குறிச்சு வைக்கும். எண்டைத் தொடாம கோட்டுல வெளியே குதிச்சா அந்தக் குறிப்பு அழியாது. ஒவ்வொரு காளைக்கும் ஒரு வைல், ஒரு இஃப்-தென் தேங்குது. புரோகிராம் முடிஞ்சதும் எல்லாம் விடுபட்டுடும். வெளியே வந்து பார்த்தா ராம் காலியாத் தெரியிறது அதனாலதான்.

வலது அம்பு: கெட்கீ கடைசியா அழுத்தின கீயோட எண்ணைத் தரும் (இடது 24, வலது 26); ஒருமுறை படிச்சாலே மதிப்பு 0 ஆயிடும். வலது அழுத்தினா முதல் இஃப் அந்த 26-ஐ வாங்கி, 24 இல்லைன்னு விட்டுடுது. இரண்டாவது இஃப்புக்கு 0 தான் மிச்சம். லூப்புக்கு ஒரே தடவை படிச்சு கே-யில வைங்க.

திரை 8 வரி, 16 பத்தி. எக்ஸ் 0 அல்லது 17 ஆனா, திரையில எழுதுற அவுட்புட் கட்டளை டொமைன் எர்ரர் காட்டும். இப்படி மாத்துங்க (எக்ஸ் ஆளோட பத்தி, ஒய் காளையோட வரி, சி காளையோட பத்தி, எஸ் புள்ளி):

0→கே:0→எஸ்:8→எக்ஸ்:1→ஒய்
ராண்ட்இன்ட்(1,16→சி
கிளியர்ஹோம்
வைல் கே≠45 அண்ட் (ஒய்<8 ஆர் எக்ஸ்≠சி)
கெட்கீ→கே
இஃப் கே
அவுட்புட்(8,எக்ஸ்," ")
அவுட்புட்(ஒய்,சி," ")
எக்ஸ்+(கே=26)(எக்ஸ்<16)-(கே=24)(எக்ஸ்>1)→எக்ஸ்
ஒய்+1→ஒய்
இஃப் ஒய்>8:தென்
1→ஒய்:எஸ்+1→எஸ்
ராண்ட்இன்ட்(1,16→சி
எண்ட்
அவுட்புட்(8,எக்ஸ்,"*")
அவுட்புட்(ஒய்,சி,"0")
எண்ட்

45 கிளியர் கீ. காளை முட்டினாலும் கிளியர் அழுத்தினாலும் வைல் தானா முடியும், கோட்டு எங்கேயும் தேவையில்லை. அடைப்புக்குள்ள இருக்கிற ஒப்பீடு சரின்னா 1, தப்புன்னா 0; அதனால ஓரத்துல ஆள் அப்படியே நிற்பான். கழித்தல் குறிக்கு வலப்பக்கம் இருக்கிற கழித்தல் கீயை அழுத்தணும். கீழே புள்ளிக்குப் பக்கத்துல இருக்கிற எதிர்மறைக் குறியைப் போட்டா சின்டாக்ஸ் எர்ரர்.

தல்லாகுளம்84:
மெமரி எர்ரர் போயிடுச்சு, வலது அம்பும் சரி. ரொம்ப நன்றி அண்ணே. இப்ப காளை கண்ணுக்கே தெரியாம பாயுது. நடுவுல காலி ஃபார் லூப் போடலாமா? இன்னொண்ணு, திருமங்கலத்துல இருக்கிற நண்பனுக்கும் இதே மாடல்தான். கேமை எப்படி ஏத்துறது?

செல்லூர்_பேசிக்:
காலி ஃபார் வேண்டாம். அது ஓடி முடியிற வரைக்கும் கீ படிக்கப்படாது, ஆள் தாமதமாத்தான் நகருவான். தொடக்கத்துல 0→டி. ஒய்+1→ஒய் வரியை எடுத்துட்டு இந்த ரெண்டும்:

டி+1-3(டி=2)→டி
ஒய்+(டி=0)→ஒய்

மூணு சுற்றுக்கு ஒரு தடவை காளை ஒரு வரி இறங்கும். ஆள் ஒவ்வொரு சுற்றிலும் நகரலாம்.

சிம்மக்கல்_வயர்:
ஏத்துறதுக்கு நான் சொல்றேன். கணிப்பானோட லிங்க் துளை 2.5 மில்லிமீட்டர். பாட்டு கேட்கிற ஆக்ஸ் வயர் 3.5, உள்ளேயே போகாது. ரெண்டு முனையும் 2.5 ஸ்டீரியோ பின்னா கேட்டு வாங்குங்க. பின்ல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கணும். ஒண்ணுதான் இருந்தா அது மோனோ, வேலைக்கு ஆகாது. டிஐ-84 பிளஸ் சிஇ மாடல்ல இந்தத் துளையே கிடையாது, யுஎஸ்பி மட்டும்தான்.

முதல்ல நண்பன் கணிப்பான்ல செகண்ட், லிங்க், வலது அம்பு, ரிசீவ், என்டர். 'வெயிட்டிங்' வந்த பிறகு உங்க கணிப்பான்ல செகண்ட், லிங்க், புரோகிராம். கேம் பெயர் மேல என்டர் அழுத்தினா சின்னச் சதுரம் விழும். வலது அம்பு, டிரான்ஸ்மிட், என்டர். 'எர்ரர் இன் எக்ஸ்மிட்'னு வந்தா பெரும்பாலும் பின் முழுசா இறங்கலைன்னு அர்த்தம், டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. அதே பெயர்ல அங்கே ஏற்கெனவே ஒண்ணு இருந்தா மெனு வரும், ஓவர்ரைட் கொடுங்க.

அதிகபட்சப் புள்ளியைத் தனி லிஸ்ட்ல வைக்கிற யோசனை இருந்தா, கேமோட தொடக்கத்துல அந்த லிஸ்ட்டுக்கு 1→டிம்( கொடுத்திடுங்க, அது லிஸ்ட்டோட நீளத்தை 1 ஆக்கும். இல்லாத கணிப்பான்ல 0-வோட புதுசா உருவாகும். இருந்தா பழைய புள்ளி அப்படியே நிற்கும். அந்த வரி இல்லாம அனுப்பினா அவர் திரையில 'எர்ர்:அன்டிஃபைண்ட்' தான் வரும்.

அனுப்புறதுக்கு முன்னாடி கேமை ஆர்க்கைவ்ல ஒரு தடவை போட்டு வைங்க: செகண்ட், மெம், 5, புரோகிராம் பெயர், என்டர். ராம் அழிஞ்சாலும் அது போகாது. திரும்ப ஆடணும்னா அதே மெனுவுல 6.