மலாய் குர்ஆன் ஏடுகள்: பெருமை சுல்தானுக்கா, எழுதியவருக்கா?

கடலோடி:
மலாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள தெரெங்கானுவில் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய குர்ஆன் பிரதிகளைப் படத்தில் பார்த்தாலே கண் கூசுகிறது. தொடக்கத்தில் ஒரு ஜோடிப் பக்கம், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சு அசலாக ஒரே வேலைப்பாடு, அதில் சிவப்போடு பொன்னை வாரி இறைத்திருக்கிறார்கள். தாளே ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டிய காலம் அது. அரண்மனை கஜானா திறக்காமல் இதெல்லாம் நடக்குமா? 1839 முதல் 1876 வரை அங்கே ஆண்ட சுல்தான் பகிந்தா ஓமார் கைவினைஞர்களை ஆதரித்து வளர்த்தவர். பெருமை அவர்மாதிரி ஆட்களுக்குத்தான்.

ஏட்டுப்பூச்சி:
பொன் இருந்தால்தான் கலையா? சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சே பக்கம் போங்கள். அங்கே சிவப்பு, மஞ்சள், கறுப்பு, அப்புறம் தாளின் வெள்ளையையே வண்ணம் பூசாமல் விட்டு அதையே கொடியாகவும் பூவாகவும் காட்டுகிற சாமர்த்தியம், அவ்வளவுதான் முதலீடு. அந்தப் பாணியில் எழுதிய பிரதிகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிறைய வந்தன, அதாவது சுல்தானின் கை தளர்ந்து ஊர்த் தலைவர்கள் ஓங்கியிருந்த சமயத்தில். இன்றும் அவற்றைக் கிராமத்து வீடுகளில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பிரதிகளில் எழுதியவர் பெயர்கூடக் கிடையாது, நீங்களோ மன்னருக்கு மாலை போடுகிறீர்கள்.

கடலோடி:
பெயர் இருக்கிற பிரதியே தருகிறேன். சிங்கப்பூருக்குத் தெற்கே, ரியாவ் தீவுக்கூட்டத்திலுள்ள பென்யெங்காட் தீவுப் பள்ளிவாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குர்ஆன், 1867இல் அப்துர்ரஹ்மான் ஸ்தாம்புல் எழுதியது. அவரை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியதே ரியாவ் அரச குடும்பம். செலவழித்து ஆளை உருவாக்கியவர்களை எப்படி விட்டுவிடுவது?

காயல்காற்று:
இரண்டு பேரும் சண்டையை அரண்மனை, கிராமம் என்று நிறுத்திவிட்டீர்கள், தெற்கு சுமத்ராவின் பாலெம்பாங்கை யாரும் தொடவில்லை. அங்கே சுல்தானகத்தை டச்சுக்காரர் 1820களிலேயே ஒழித்துவிட்டார்கள். ஆனால் முஹம்மது அஸ்ஹரி என்பவர் மக்காவிலிருந்து திரும்பும் வழியில் சிங்கப்பூரில் கல்லச்சு இயந்திரம் (கையெழுத்தைக் கல்லில் பதித்து அச்சடிப்பது) வாங்கிவந்து, 1848இல் தன் கையால் எழுதிய குர்ஆனைப் பாலெம்பாங்கில் அச்சடித்தார். பணம் போட எந்த சுல்தானும் இல்லை.

கடலோடி:
அது அச்சு, நாம் பேசுவது கையால் எழுதி ஓவியம் தீட்டிய ஏட்டைப் பற்றி. பிற்பாடு பம்பாயிலிருந்து மலிவான கல்லச்சுக் குர்ஆன்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது கையெழுத்துப் பிரதிகள் அருகிப்போனது எல்லாருக்கும் தெரியும்.

ஏட்டுப்பூச்சி:
சரி, அப்போதும் சுல்தான்கள் இருந்தார்களே? தெரெங்கானுவில் மூன்றாம் ஜைனுல் ஆபிதீன் 1918 வரை ஆண்டார். ஆதரவுதான் எல்லாம் என்றால் அந்தக் கலை ஏன் நீடிக்கவில்லை? ஓதுகிறவர்கள் கையெழுத்துப் பிரதி தேடுவதை விட்டதும் எழுதுகிறவனும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். இதற்குப் பதில் சொல்லிவிட்டு மாலை போடுங்கள்.