நேப்பர்வில்ல ஹைஸ்கூல் கோல்ஃப் ஹோம் மேட்ச் எந்த கோர்ஸ்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், பொண்ணு இந்த ஃபால்ல ஒன்பதாவது போறா, இல்லினாய்ல ஹைஸ்கூல் கோல்ஃப் சீசனே ஃபால்லதான்ங்கறதால ஆகஸ்ட்லயே ட்ரையவுட் (டீமுக்கு ஆள் எடுக்குற செலக்‌ஷன்) வந்துடும். இங்க டீமெல்லாம் பப்ளிக் கோர்ஸ்ல ஹோம் மேட்ச் ஆடுறாங்க இல்லையா, அதான் கேக்குறேன், உங்க பசங்க டீமுக்கு ஸ்பிரிங்புரூக்கா நேப்பர்புரூக்கா? ரெண்டும் ஊர் பார்க்கெல்லாம் பாத்துக்குற பார்க் டிஸ்ட்ரிக்ட்டோட கோர்ஸ், 18 ஹோல், ஆனா சாதாரண மேட்ச்சுக்கு 9 ஹோல்தான், அது முதல் ஒன்பது ஹோலா கடைசி ஒன்பது ஹோலான்னு தெரிஞ்சா அதையே நாலு தடவ ஆட வச்சிடலாம். ஆறு பேர் ஆடி நல்ல ஸ்கோர் நாலுதான் கணக்கு, அந்த ஆறுல ஒரு இடம் கிடைச்சாலே எங்களுக்கு பெரிய சந்தோஷம்.

டிரைவிங் ரேஞ்ச்ல அருமையா அடிக்கிறா, புட்டிங்தான், அதான் குழி பக்கத்துல பந்த உருட்டி உள்ள விடுறது, உதைக்குது. ஹால் கார்ப்பெட்ல டம்ளர படுக்க வச்சு ராத்திரி வரைக்கும் உருட்டிட்டு இருக்கா பாவம், குழிய சுத்தி இருக்குற நிஜ கிரீனோட (புல் தரையோட) சரிவு அதுல எங்க வரும்?

ஸ்டூடண்ட் ரேட் எந்த நேரத்துல கம்மி, கோல்ஃப் பேக்க தோள்லயே தூக்கணுமா புஷ் கார்ட் விடுவாங்களா, பேரண்ட்ஸ் கூட நடந்து பாக்கலாமா, பசங்கள டீம்ல விட்ட அண்ணா அக்கா யாராவது சொல்லுங்க ப்ளீஸ். ஜூலைக்குள்ள தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.