ஜெனித் சிஎச் 701: ரிவெட் அடித்தபோதும் பறந்தபோதும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மெக்சிகோ என்றே ஓர் ஊர் இருக்கிறது. சிஎச் 701 என்ற இரண்டு இருக்கைக் குட்டி விமானத்தைக் கிட்டாக, அதாவது நாமே கட்டிக்கொள்ளும் பாகங்களாக, விற்கும் ஜெனித் கம்பெனி அங்கேதான். வீட்டிலேயே விமானம் கட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார்கள். விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பாகமான ரட்டரை நாமே செய்து கையோடு எடுத்து வரலாம். செயின்ட் லூயிஸில் வேலை பார்த்தபோது போனேன்.

வேலை கடினமில்லை. அலுமினியத் தகட்டில் துளை போட்டு, கிளிக்கோ என்ற செம்பு நிற ஊசிகளால் தற்காலிகமாகப் பிடித்து, பிறகு கழற்றிப் பிசிர் நீக்கி, தகடுகளை நிரந்தரமாக இணைக்கும் ஆணியான ரிவெட்டை அடிக்க வேண்டும். ரிவெட்டின் தலை முதலில் தட்டையாகத்தான் இருக்கும். ரிவெட்டை இழுக்கும் துப்பாக்கி போன்ற கருவியின் மூக்கைக் குழிவாகக் கடைந்திருப்பதால், இழுத்ததும் அது லேசாகக் குமிழ்ந்து தகட்டைக் கவ்விக்கொள்கிறது. அடுத்த பக்கம் போய்ப் பிடிக்க ஆள் தேவையில்லை.

செய்து முடித்த பிறகுதான் கவனித்தேன், அது ரட்டர் மட்டுமில்லை, செங்குத்து வால் முழுவதும் அதுவே. அசையாத பாகம் எதுவும் கிடையாது. மெதுவாகப் பறக்கும்போது வாலில் படும் காற்று பலவீனம். முழுதாகத் திருப்பினால்தான் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். வடிவமைத்த கிறிஸ் ஹெய்ன்ட்ஸின் கணக்கு எல்லா இடத்திலும் இதேதான். இறக்கையின் முன்விளிம்பில் இடுக்கு விட்டு நிரந்தரமாகப் பொருத்திய ஸ்லாட் என்ற பட்டை, மூக்கை நன்றாகத் தூக்கினாலும் காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படித் தூக்கி நிறுத்த வால் பலமாகக் கீழே அழுத்த வேண்டுமே? அதனால் கிடைமட்ட வாலின் வளைவைத் தலைகீழாக வைத்துவிட்டார். அழகா என்றால், இல்லை! ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வாக்கில்கூட காற்றில் நிற்கிறது.

*

நான் பறந்ததும் இதே 701தான், என்.சி.சி. விமானப் பிரிவில் கேடட்டாக இருந்தபோது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரே ஸ்டிக், மேலே ஒய் எழுத்துபோல் பிரிந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி. பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பது என் கையிலேயே தெரியும். ஓடத் தொடங்கியதுமே தரை விட்டுப்போனது. மொத்த எடையே சுமார் 500 கிலோ என்பதால் வெயில் ஏறிவிட்டால் குலுக்கல் தாங்காது, காலையிலேயே பறந்துவிடுவோம். இன்ஜினைக் குறைத்தால் மூக்கை உடனே தாழ்த்த வேண்டும் என்பதுதான் முதல் பாடம். இத்தனை துருத்தல்களோடு வேகம் சட்டென்று செத்துவிடும்.

*

ஆமாம், மெதுவாகப் பறப்பதற்கு இந்த விமானம் கொடுக்கும் விலை அதுதான். பயணத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் வந்தாலே பெரிது. சிலர் ஸ்லாட்டைக் கழற்றிவிட்டு, இறக்கைமேல் காற்றைச் சுழலவிடும் சின்னச் சின்னத் தகடுகளாக வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் ஒட்டிக்கொள்கிறார்கள். வேகம் கொஞ்சம் கூடுகிறதாம். ஊர் விட்டு ஊர் போக விமானம் வேண்டுமென்றால் வேறு கிட் வாங்குவதே மேல். புல்தரையில் குட்டி ஓட்டத்தில் எழும்ப வேண்டுமென்றால் ஸ்லாட்டில் கை வைக்காதீர்கள்.