சட்டை உரிக்கும் கார்கோனியன்

உப்புத்தண்ணி, டல்லாஸ்:
என் தொட்டியில் இருப்பது கார்கோனியன், செடி மாதிரி கிளைவிடும் ஒரு பவள வகை, ஃப்ளோரிடாச் சரக்கு. அதில் விசிறி வடிவத்துக் கடல்விசிறி இல்லை, அதை அங்கே எடுக்கத் தடை. இது ஊதாக் கிளையும் பழுப்புப் பாலிப்பும் (பூ மாதிரி விரிந்து இரை பிடிக்கும் குட்டி உயிர்கள்), ஒரு சாண் உயரம். பாறையில் ஒட்ட மாட்டேன் என்று இரண்டு தடவை சாய்ந்தது. அடித்தண்டை அரை அங்குலம் சுரண்டினால் உள்ளே தென்னை ஈர்க்கு மாதிரி கறுப்பாக ஒன்று தெரியும், சூப்பர் க்ளூ அதில்தான் பிடிக்கும். மேல்தோலில் ஒட்டினால் தோல் அழுகிக் கழன்றுவிடும்.

பத்து நாள் ஜோராக விரிந்திருந்தது. பதினோராம் நாள் பாலிப் ஒன்றுகூட வெளியே இல்லை. மேலே மெழுகு தடவின மாதிரி பளபளப்பு. தண்ணீரின் உப்பு அடர்த்தி 1.025, சூடு 25 டிகிரி, ஆல்க் (காரத்தன்மை) 8.5, எல்லாம் சரி. அதைத் தேய்த்துவிட டூத் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டேன். "செத்த மீனையே ரெண்டு நாள் வெச்சுப் பார்ப்பீங்க, இதுக்கென்ன அவசரம்?" என்றாள் மனைவி. பிரஷ்ஷை வைத்துவிட்டு வேவ்மேக்கரை (தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மட்டும் அதன் பக்கம் திருப்பினேன். மூடிக்கொண்ட ஆறாம் நாள் ராத்திரி அந்தப் படலம் வெங்காயச் சருகு போலக் கிழிந்து ஆடியது. மறுநாள் கழுவிவிட்ட மாதிரி புதுத் தோல், பாலிப் அத்தனையும் வெளியே. மேலே படியும் பாசியைத் தள்ளிவிட அதற்குத் தெரிந்த வழி அதுதான். இப்போது மூடிக்கொண்டால் "சட்டை உரிக்குதுப்பா" என்று பெண்ணே சொல்லிவிடுகிறாள்.

நண்டுப்பிடி, சிங்கப்பூர்:
உங்களுடையதற்குப் பாதிச் சோறு வெளிச்சத்திலேயே கிடைத்துவிடும், உடம்புக்குள் இருக்கிற நுண்பாசி சமைத்துப் போடும். நான் நிறத்தில் மயங்கிச் சிவப்புத் தண்டில் வெள்ளைப் பாலிப் வாங்கினேன், டயோடோகார்கியா என்ற கார்கோனியன். அதற்குள் நுண்பாசி கிடையாது, ஊட்டித்தான் ஆகணும். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், சிப்பி முட்டை என்று நாளுக்கு நாலு வேளை. அதில் தண்ணீரின் நைட்ரேட் (இரைக் கழிவால் சேரும் உப்பு) 5-லிருந்து 40-க்கு ஏறி, பக்கத்துப் பவளமெல்லாம் பழுப்படித்தது. நுனியில் தோல் போய் ஈர்க்கு தெரிந்தது, அதில் சயனோ என்ற வழவழப்பான பாசிப் படலம் ஏறியது. வெட்டினேன், மறுபடி ஏறியது. ஐந்தாம் மாதம் கையில் வெறும் குச்சி. "ரொம்ப ஈஸி, லைட்டே வேண்டாம்" என்றுதான் கடையில் தந்தார்கள். லைட் வேண்டாம் என்பது மட்டும் உண்மை.

முத்துநகர்:
இங்கே வலையில் கடல்விசிறி சிக்கி வரும். தொட்டியில் வைக்கலாமா என்று கேட்கிற தம்பிகளே, ஆசையே வேண்டாம். 2001-லேயே கார்கோனியன் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தாச்சு, புலி இருந்த அதே அட்டவணை. முங்கிப் பார்ப்பதோடு சரி. விசிறி எப்பவும் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் நிற்கும், இரை வந்து மோதட்டும் என்று. டல்லாஸ் அண்ணே, உங்க வேவ்மேக்கர் ஒரே பக்கமா அடிக்குதா, மாறி மாறியா?